பூ மூட்டை ஏற்றும் வண்டிக்கு எந்த டயர்?

கேள்வி: நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் பூ விவசாயம் செய்கிறேன். 2013-இல் வாங்கிய ஸ்ப்ளெண்டர் வண்டி. ஸ்போக்ஸ் சக்கரம், டியூப் டயர். முதல் ஏழெட்டு ஆண்டுகள் அதிகம் ஓடவில்லை. இப்போது தினமும் விடியற்காலையில் தோட்டத்திலிருந்து 11 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பூச்சந்தைக்குப் போய் வருகிறேன். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களின் மல்லிகையும் சம்பங்கியும் சேர்த்துப் பின்னால் 40 முதல் 50 கிலோ வரை மூட்டை இருக்கும். சில நாட்கள் மனைவியும் உடன் வருவார். மீட்டர் 34,000 காட்டுகிறது. முன் டயர் வண்டியோடு வந்தது. தரையைத் தொடும் ரப்பர்ப் பட்டன் பாதிக்கு மேல் இருக்கிறது. பின் டயரை இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பு மாற்றினேன். அதன் பக்கவாட்டில் இப்போதே வெடிப்பு. மாதம் ஒரு பஞ்சர். சென்ற மழையில் ஒரு வளைவில் பிரேக் பிடித்தபோது பின்பக்கம் வழுக்கியது. அந்த டயரில் 2.75-18, 42பி, 4பி.ஆர். என்று எழுதியிருக்கிறது. கடைக்காரர் 100/90-18 என்னும் அகலமான டயரைப் போட்டால் பிடிப்பு கிடைக்கும் என்கிறார். அதைப் போடலாமா? முன்னும் பின்னும் ஒரே அளவுதானே, பழைய பின் டயரை முன்னால் மாற்றிக்கொண்டு பின்னால் மட்டும் புதிது வாங்கினால் போதாதா? டியூப்லெஸ் போட்டால் பஞ்சர் தொல்லை தீருமா? பாதி விலைக்குக் கிடைக்கும் பழைய டயர்களை நம்பலாமா?

பதில்: அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

டயர் பற்றி எனக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் வண்டியின் பெயரை மட்டும் எழுதிவிட்டு எந்த டயர் நல்லது என்று கேட்பார்கள். நீங்கள் குனிந்து உட்கார்ந்து, சேற்றைத் துடைத்து, டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படித்து அப்படியே அனுப்பியிருக்கிறீர்கள். அதனால் என் வேலை பாதி குறைந்துவிட்டது. உங்கள் தொல்லைகளில் முக்கால்வாசிக்குக் காரணம் அந்த வரியிலேயே இருக்கிறது: 42 என்ற எண்.

2.75 என்பது அங்குலக் கணக்கில் டயரின் அகலம். 18 என்பது அது உட்காரும் ரிம்மின் விட்டம். இந்த இரண்டையும் கடைக்காரர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். அடுத்து வரும் 42 என்பது எடைக் குறியீடு. அது 42 கிலோ அன்று; உலகெங்கும் ஒரே மாதிரியாகப் பின்பற்றப்படும் ஓர் அட்டவணையின் வரிசை எண். அந்த அட்டவணையின்படி 42 என்றால் அந்த ஒரு டயர் அதிகபட்சம் 150 கிலோ தாங்கும். 47 என்றால் 175 கிலோ. 48 என்றால் 180. 52 என்றால் 200. 54 என்றால் 212. எண்ணை ஒட்டி நிற்கும் பி (P) என்ற ஆங்கில எழுத்து வேகத்தைக் குறிப்பது. மணிக்கு 150 கிலோமீட்டர் வரை என்று பொருள். அந்த வேகத்தின் பக்கத்தில்கூட உங்கள் வண்டி போகப்போவதில்லை என்பதால் அந்த எழுத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அதைவிட உயர்ந்த எழுத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதும் இல்லை. 4பி.ஆர்., 6பி.ஆர். என்பவை டயரின் கட்டுமான வலிமையைச் சொல்பவை. உள்ளே நான்கு அடுக்கு நூல் இருக்கிறது, ஆறு அடுக்கு நூல் இருக்கிறது என்று சிலர் விளக்குவார்கள். பழைய காலத்துப் பருத்தி நூல் டயர்களுக்கு அது பொருந்தியது, இன்றைய நைலான் டயர்களுக்கு அது வெறும் வலிமைத் தரக் குறியீடுதான்.

உங்கள் வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது முன்னால் 2.75-18 42பி 4பி.ஆர். டயரும், பின்னால் 2.75-18 48பி 6பி.ஆர். டயரும் இருந்தன. இரண்டும் ஒரே அளவு என்று நீங்கள் எழுதியிருப்பது அகலத்தையும் விட்டத்தையும் பொறுத்தவரை சரி; தாங்கும் எடையைப் பொறுத்தவரை சரியன்று. இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பு பின்சக்கரத்துக்குப் போட்ட டயர், முன்சக்கரத்துக்கு உரிய வலிமை கொண்டது. இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். கடையில் டயர்களை அளவு வாரியாகத்தான் அடுக்குவார்கள், 2.75-18 என்று கேட்டால் கைக்கு எட்டியது இறங்கிவரும். பின்சக்கரத்துக்கு என்று சொல்லி வாங்குகிறவர்களுக்கே இது நடக்கும்.

இந்த வேறுபாடு உங்களை எப்படிப் பாதித்தது என்பதைத் தோராயமான கணக்காகவே பார்த்துவிடலாம். வண்டியின் எடை ஏறத்தாழ 110 கிலோ. அதில் 60 கிலோ பின்சக்கரத்தில் விழுகிறது என்று கொள்ளுங்கள். உங்கள் எடை 70 கிலோ என்றால், நீங்கள் இரண்டு சக்கரங்களுக்கும் இடையில் உட்காருவதால், அதில் 45 கிலோ பின்னால் போகும். சீட்டின் பின்பகுதியிலும் கேரியரிலுமாகக் கட்டப்படும் 50 கிலோ மூட்டையோ, பின்சக்கரத்தின் அச்சுக்கு நேர் மேலேயும் அதற்குப் பின்னாலும் இருப்பதால், அப்படியே முழுதாக அந்த ஒரு டயரின்மீது இறங்குகிறது. கூட்டினால் 155 கிலோ. நீங்கள் தனியாகப் போகும் நாளிலேயே 150 கிலோ தாங்கும் டயர் எல்லையைத் தாண்டிவிட்டது. இது வண்டி நிற்கும்போது உள்ள கணக்கு. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது விழும் அடி தனி. மனைவியும் ஏறிக்கொள்ளும் நாளில் அது 200 கிலோவைக் கடந்துவிடுகிறது.

எடை மீறிய டயர் உடனே வெடித்துவிடாது. அதுதான் இதிலுள்ள ஏமாற்று. ஒவ்வொரு சுற்றிலும் அதன் பக்கவாட்டு ரப்பர் மடங்கி நிமிர்கிறது. எடை கூடக் கூட மடிப்பு ஆழமாகிறது. மடிப்பினால் சூடு பிறக்கிறது. சூட்டில் ரப்பர் தன் நெகிழ்ச்சியை இழந்து, நீங்கள் பார்த்த அந்த நெடுக்கு வெடிப்புகள் வருகின்றன. உள்ளே டியூப் கசங்குகிறது. பள்ளத்தில் மோதும்போது டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டைகள் விழுகின்றன. உங்கள் பஞ்சர்க்காரரிடம் கேட்டுப் பாருங்கள்: அவர் ஒட்டியவற்றில் முள்ளோ ஆணியோ கிடைக்காமல், பக்கத்துப் பக்கத்தில் இரட்டை ஓட்டையாக இருந்தவை எத்தனை என்று அவருக்கு நினைவிருக்கும். மற்றவை உங்கள் பகுதியின் சீமைக் கருவேல முள்ளாக இருக்கலாம். அந்த முள்ளை எந்த டயரும் முழுதாகத் தடுத்துவிடாது. ஆனால் நடுப்பட்டன் தேய்ந்து மெலிந்த டயரில் அது டியூப் வரை எளிதாகப் போய்ச் சேரும்.

இனி அகலமான டயர். இந்த ஆசை எல்லோருக்கும் வருவதுதான், எனக்கும் வந்தது. இருபத்தைந்து வயதில் என் நூறு சி.சி. வண்டிக்குப் பின்னால் பெரிய டயர் ஒன்றை மாட்டிக்கொண்டு ஒரு வாரம் பெருமையாகச் சுற்றினேன். எட்டாம் நாள், இருவராக ஏறி ஒரு மேட்டில் இறங்கியபோது செயின் கவரில் டயர் உரசி எழுந்த நாற்றம் இன்னும் நினைவிருக்கிறது. உரசலைவிடப் பெரிய குறை ரிம்மில் இருக்கிறது. ரிம்மின் அகலம் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், நூறு சி.சி. வண்டிகளில் பெரும்பாலும் 1.60 அங்குலம். 100 மில்லிமீட்டர் அகல டயர் குறைந்தது 2.15 அங்குல ரிம்மை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. அதைக் குறுகலான ரிம்மில் ஏற்றினால் இரண்டு ஓரங்களும் உள்ளிழுக்கப்பட்டு, நடுப்பகுதி முட்டை முனை போலக் குவிந்துவிடும். அப்போது தரையைத் தொடுவது அந்தக் குவிந்த நடு மட்டும்தான். அகலத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு, தரையில் அந்த அகலம் கிடைக்காமல் ஓட வேண்டியிருக்கும். நடுப்பட்டன் விரைவில் தேயும். வண்டி வளைவில் சாய மறுத்து, பிறகு திடீரென்று சாயும். டயரின் கூடுதல் எடையை இழுப்பதற்குப் பெட்ரோலும் சற்று அதிகம் செலவாகும்.

அகலம் கூடினால் வலிமையும் கூடும் என்ற நம்பிக்கைக்கும் ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 3.00-18 அளவில் 47பி என்று ஒரு டயர் உண்டு. 52பி என்று இன்னொன்றும் உண்டு. முதலாவது தாங்குவது 175 கிலோ. அதாவது உங்கள் வண்டிக்கு உரிய, அதைவிடக் குறுகலான 2.75-18 48பி டயர் தாங்கும் 180 கிலோவைவிடக் குறைவு. கண்ணுக்குத் தடிமனாகத் தெரியும் டயர் கணக்கில் இளைத்துப்போவது இப்படித்தான்.

ஆகவே பின்சக்கரத்துக்கு உங்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, தொழிற்சாலை கொடுத்த அதே 2.75-18 48பி 6பி.ஆர். மற்றொன்று 80/100-18 54பி. இப்போது வரும் ஸ்ப்ளெண்டர் பிளஸ் வண்டிகளின் பின்சக்கரத்தில் இருப்பது இந்த அளவுதான். இதில் 80 என்பது மில்லிமீட்டரில் அகலம். 100 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு நூறு உயரம், அதாவது உயரமும் 80 மில்லிமீட்டர். 18 அங்குலம் என்பது 457 மில்லிமீட்டர். மேலும் கீழும் இரண்டு 80-ஐச் சேர்த்தால் டயரின் மொத்த விட்டம் 617. பழைய 2.75-18 டயரின் விட்டம் ஏறத்தாழ 600. எனவே வண்டியின் பின்பக்கம் எட்டு மில்லிமீட்டர் உயரும். இழுவை இம்மி அளவு குறையும். உங்கள் வண்டியில் மீட்டர் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வருவதால் மீட்டர் கணக்கு மாறாது. உங்கள் சுமையைப் பார்க்கும்போது நான் 80/100-18 54பி டயரைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன், மாட்டிய டயரைக் கையால் சுழற்றிப் பார்த்து, செயின் கவர், பிரேக் ராடு, மட்கார்டின் உட்பக்கம் மூன்றிலும் எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு இரண்டு பேரைப் பின்னால் உட்காரச் சொல்லி மறுபடியும் பாருங்கள். இடைவெளி போதவில்லை என்றால் தயங்காமல் 2.75-18 48பி டயருக்குத் திரும்பிவிடுங்கள். அப்போது மூட்டையைக் கொஞ்சம் குறைத்துக் கட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மனைவியும் முழு மூட்டையும் சேர்ந்து வரும் நாளில் 54-ம் தன் எல்லையைத் தொட்டுவிடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டயர் தாங்கினாலும் ஸ்போக்ஸ் கம்பியும் ஷாக் அப்சார்பரும் பின் பிரேக்கும் தாங்க வேண்டுமே. அந்த நாட்களில் மூட்டையை இரண்டு நடையாகக் கொண்டுபோவதோ, சந்தைக்குப் போகும் வேறு வண்டியில் பாதியைக் கொடுத்தனுப்புவதோதான் வழி.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது பின் டயர் அன்று, பட்டன் பாதிக்கு மேல் இருக்கிறது என்று நிம்மதியாக எழுதியிருக்கும் அந்த முன் டயர்தான். அதற்கு வயது பன்னிரண்டுக்குக் குறையாது. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டமான சிறு கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 1813 என்றிருந்தால் 2013-ஆம் ஆண்டின் பதினெட்டாவது வாரத்தில் செய்தது. ரப்பர் ஓடினால்தான் தேயும், ஆனால் ஓடாமல் நின்றாலும் முதிரும். வெயிலும் காற்றும் பட்டு, அதிலுள்ள எண்ணெய்ப் பசை வற்றி, இறுகி, நகத்தால் அழுத்தினால் தடம் விழாத அளவுக்குக் கடினமாகிவிடும். பள்ளங்களின் அடியில் விரலால் சற்று விரித்துப் பார்த்தால் முடி போன்ற மெல்லிய வெடிப்புகள் தெரியும். ஐந்து ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுக்கு ஒரு முறை தேர்ந்தவரிடம் காட்டச் சொல்வதும், பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து ஆண்டுகளில் கழற்றிவிடச் சொல்வதும் டயர்த் தொழிலில் பொதுவாகக் கடைப்பிடிக்கும் வழக்கம்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துடையது. ஈரச் சாலையில் பின்சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றிச் சமாளித்துவிட வாய்ப்பு இருக்கிறது. முன்சக்கரம் வழுக்கினால் அந்த வாய்ப்பு அநேகமாகக் கிடையாது. சென்ற மழையில் வழுக்கியது பின்சக்கரம் என்பது உங்கள் நல்ல நேரம்.

இதனாலேயே பழைய பின் டயரை முன்னால் மாற்றும் யோசனையை அடியோடு கைவிடுங்கள். பக்கவாட்டு வெடித்த ஒரு டயரை, வண்டியைத் திருப்பவும் நிறுத்தவும் செய்யும் சக்கரத்தில் கொண்டுபோய் வைப்பது சரியன்று. வெடிப்பு இல்லாத டயராக இருந்தாலும் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். முன் டயரின் பட்டன்களைப் பாருங்கள். நீளவாக்கில் வாய்க்கால் வெட்டியது போல வரிகள் ஓடும், பக்கவாட்டில் நழுவாமல் பிடிப்பதற்காக. பின் டயரில் குறுக்குக் கட்டைகள் அதிகம், தரையை உதைத்துத் தள்ளுவதற்காக. பக்கவாட்டில் ஓர் அம்புக்குறியும் இருக்கும். இழுக்கும் பின்சக்கரத்தில் ரப்பர்மீது விழும் விசை ஒரு பக்கமாகவும், பிரேக் பிடிக்கும் முன்சக்கரத்தில் அதற்கு எதிர்ப்பக்கமாகவும் இருப்பதால், இரண்டுக்கும் பொதுவான சில டயர்களில் முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாக எதிரெதிரே இரண்டு அம்புகள் போட்டிருப்பார்கள். ஆகவே முன்சக்கரத்துக்கு 2.75-18 42பி 4பி.ஆர்., நீளவரி போட்ட புதிய டயர். உங்கள் பின்சக்கரத்தில் தவறான இடத்தில் இருந்த அதே 42 இங்கே சரியான இடத்தில் இருக்கும். இரண்டையும் ஒரே நாளில் வாங்க இயலாவிட்டால், வெடித்த பின் டயரை முதலில் மாற்றுங்கள். முன் டயரைப் பத்து நாட்களுக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம்.

டியூப்லெஸ் பற்றிய கேள்விக்கு விடை சுருக்கமானது. ஸ்போக்ஸ் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் ரிம்மில் ஓர் ஓட்டை வழியாகத்தான் நிற்கிறது. காற்று அந்த வழியாக வெளியேறிவிடும். டியூப்லெஸ் டயரின் ஓரம் கச்சிதமாக உட்காருவதற்கு ரிம்மிலும் அதற்கென்று தனி வடிவம் வேண்டும். டியூப்லெஸ் டயரை வாங்கி உள்ளே டியூப் வைத்து ஓட்டலாம், தவறில்லை. ஆனால் அப்போது அது டியூப் டயர்தான், ஆணி ஏறினால் டியூப் டயர் போலவே காற்று இறங்கும். அலாய் சக்கரமாக மாற்றினால் மட்டுமே டியூப்லெஸின் பயன் கிடைக்கும். அந்தச் செலவு உங்கள் வண்டிக்கு இப்போது தேவையில்லை என்பது என் எண்ணம்.

பாதி விலை டயர்களில் இரண்டு வகை உண்டு. மேலே புதிய ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் டயர் ஒன்று. லாரிக்கு அது நல்ல ஏற்பாடு, இரண்டு சக்கரத்தில் நின்று சாய்ந்து திரும்பும் வண்டிக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. மற்றது, தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் பள்ளத்தை மறுபடி வெட்டி, கறுப்பு பாலிஷ் பூசி வைப்பது. இதைக் கண்டுபிடிப்பது கடினமன்று. புது டயரின் பள்ளத்துக்குள் ஆங்காங்கே குறுக்கே சிறு மேடு இருக்கும். அதற்கு நேராகப் பக்கவாட்டில் ஒரு சிறு முக்கோணக் குறி இருக்கும். அதுதான் தேய்மான அடையாளம். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு இறங்கிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. வெட்டிய டயரில் அந்த மேடு காணாமல் போயிருக்கும், அல்லது பள்ளத்தின் அடியில் நூல் தெரியும். இருசக்கர வண்டிக்குப் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அது சட்டத்தின் கடைசி வரம்பு. மழைக்காலத்தில் ஓடும் வண்டிக்கு 2 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது. அளக்கக் கருவி வேண்டாம். ஒரு தீக்குச்சியைப் பள்ளத்தில் நட்டு, ரப்பரின் மேல்மட்டத்தில் நகத்தால் கீறி, எடுத்து ஸ்கேலில் வைத்துப் பார்த்தால் போதும்.

எந்தக் கம்பெனி என்று நீங்கள் கேட்கவில்லை. அதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். இந்த அளவில் விற்கும் பெரிய கம்பெனிகளின் டயர்களுக்கிடையே உள்ள வேறுபாடு, சரியான எடைக் குறியீட்டுக்கும் தவறான குறியீட்டுக்கும் உள்ள வேறுபாட்டோடு ஒப்பிட்டால் சிறியது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதனருகே ஐ.எஸ். 15627 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள்; இந்தியாவில் விற்கும் இருசக்கர வண்டி டயருக்கான தர எண் அது. தோட்டத்து மண்பாதையில் கொஞ்ச தூரம் போனாலும் உங்கள் ஓட்டம் பெரும்பகுதி தார்ச்சாலையில்தான் என்பதால், சேற்றுக்கென்று செய்த முரட்டுப் பட்டன் வேண்டாம். அது தார்ச்சாலையில் அதிர்ந்து, விரைவில் தேய்ந்துவிடும். தயாரிப்பு வாரத்தைக் கடையிலேயே படியுங்கள். ஓர் ஆண்டுக்குள் செய்ததாக இருந்தால் நல்லது. மதுரையிலிருந்து மேலூர் போகும் வழியில் வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா, அரக்கோணத்திலும் பெரம்பலூர்ப் பக்கத்திலும் எம்.ஆர்.எஃப். என்று டயர் நம் மாநிலத்திலேயே செய்யப்படும்போது, மூன்று ஆண்டுகள் அலமாரியில் கிடந்ததை வாங்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பதால், பில் இல்லாமல் வாங்கி மிச்சம் பிடிக்கும் ஆசையும் வேண்டாம். டயரின் வரிசை எண்ணை எழுதிய பில் கையில் இருந்தால்தான், பின்னால் ஏதும் உற்பத்திக் குறை தெரிந்தால் கேட்க முடியும்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். டியூபும் புதிதாகவே இருக்கட்டும். பழைய டியூப் நீண்டு போயிருப்பதால் புது டயருக்குள் மடிந்து, அந்த மடிப்பிலேயே கிழியும். சக்கரத்தைக் கழற்றியதும், கம்பி முனைகள் டியூபில் படாமல் ரிம்மின் உட்புறம் சுற்றியிருக்கும் ரிம் டேப்பை எடுக்கச் சொல்லிப் பாருங்கள். இவ்வளவு பழைய, இத்தனை சுமை ஏற்றிய சக்கரத்தில் ஓரிரு ஸ்போக்ஸ் கம்பிகளின் முனை, அவற்றை ரிம்மில் பிடித்திருக்கும் நிப்பிளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் வியப்பில்லை. உங்கள் பஞ்சர்களில் சிலவற்றுக்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம். முனையை அரம் போட்டுத் தேய்த்து, தளர்ந்த கம்பிகளை முடுக்கி, கோட்டம் எடுத்து, புது டேப் சுற்றிய பிறகே டயர் ஏற வேண்டும். சக்கரம் வெளியே இருக்கும்போதே பேரிங்கை விரலால் சுழற்றிப் பார்ப்பதும் பிரேக் ஷூவைப் பார்ப்பதும் கூடுதல் கூலியில்லாத வேலைகள். காற்று அடித்ததும் ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று கவனியுங்கள். ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் காற்றை இறக்கி மறுபடி உட்கார வைக்க வேண்டும். பின்சக்கரத்தை மாட்டும்போது செயின் அட்ஜஸ்டரின் கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் நிற்க வேண்டும். அது பிசகினால் சக்கரம் கோணலாக ஓடி, புது டயரை ஒரு பக்கமாகத் தின்றுவிடும்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். 54 குறியீட்டின் 212 கிலோ என்பது, சுமைக்கு உரிய முழுக் காற்றும் உள்ளே இருக்கும்போதுதான். காற்று குறைந்தால் அந்த 54-ம் உங்கள் பழைய 42 போலவே மடியத் தொடங்கும். நம் பக்கத்துப் பெட்ரோல் பங்க்குகளில் முன்னால் 25, பின்னால் 30 என்று வண்டியைப் பார்த்தவுடன் கை பழக்கத்தில் அடித்துவிடுவார்கள். தனியாக ஓட்டுகிறவருக்கு அது ஏறக்குறையச் சரி. பின்னால் ஆளோ மூட்டையோ இருந்தால் பின்சக்கரத்துக்கு வேண்டிய அளவு அதைவிட வெகுவாகக் கூடும். வண்டியில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருவர் ஓட்டத்துக்கு என்று தனியாக ஓர் எண் இருக்கும், உங்களுக்கு உரியது அந்த எண். கைக்கு அடக்கமான ஓர் அளவுமானி வாங்கி வைத்துக்கொண்டு, வாரம் ஒரு முறை, மூட்டை ஏற்றுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும் அந்த விடியற்காலையிலேயே பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளந்தால் உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். டியூபின் வால்வு நேராக நிற்கிறதா என்பதையும் அப்போதே ஒரு பார்வை பாருங்கள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், காற்று குறைந்து டயர் ரிம்மின்மேல் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்; அப்படியே விட்டால் வால்வின் அடியில் கிழியும், அந்தக் கிழிசலை ஒட்ட முடியாது.

புது டயரின் மேல் தோல் வழவழப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டர், உங்கள் கணக்கில் ஏறத்தாழ ஒரு வாரம், வளைவில் வேகம் வேண்டாம். அந்த வாரத்தில் மழை பெய்தால் மூட்டையைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

கழற்றிய இரண்டு டயர்களையும் கடையில் விட்டுவருவதாக இருந்தால், அதற்கு முன் பக்கவாட்டில் கத்தியால் ஓரிடத்தில் ஆழமாக வெட்டச் சொல்லிவிடுங்கள். அப்படியே விட்டால் பள்ளம் வெட்டி, பாலிஷ் பூசி, பாதி விலைக்கு அது இன்னொருவர் வண்டியில் ஏறிவிடும்.